எழுபதைத் தாண்டிய கல்லூரித் தோழர்கள்: செய்தி சேகரிக்கப் பொறுப்பேற்பவருக்கு ஒரு வழிகாட்டி

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கூடப் படித்தவர்களின் நலம், வீட்டு விசேஷம், உடல்நிலை, இறப்பு எல்லாவற்றையும் விசாரித்து மற்றவர்களுக்குச் சொல்லும் வேலை உங்கள் தலையில் விழுந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். தேர்தல் வைத்து யாரும் இந்தப் பதவிக்கு வருவதில்லை. ஏதாவது ஒரு சந்திப்பில் சாப்பாட்டுப் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில், “நீ சும்மாதானே இருக்கிறாய், நீயே பார்த்துக்கொள்” என்று ஒப்படைத்துவிட்டு எல்லாரும் பஸ் ஏறிவிடுவார்கள். நெல்லைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் 1971 முதல் 1974 வரை பி.எஸ்சி. படித்த எங்கள் செட்டுக்கு நான் பொறுப்பானது அப்படித்தான். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர ஆளில்லை. முட்டி மோதித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அரட்டைக் குழு தானாகவே நடக்கும். காலை வணக்கப் படங்களுக்கு உங்கள் உதவி தேவையில்லை. பொறுப்பாளர் ஒருவர் தேவைப்படுவது பதிவேட்டுக்கு. யார் எங்கே இருக்கிறார், அவருக்கு ஒன்று ஆனால் யாரைக் கூப்பிடுவது, அவர் போன பிறகு அந்த வீட்டுக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை ஒழுங்காக எழுதி வைப்பவர்தான் பொறுப்பாளர்.

1. பட்டியலைப் பதிவு எண்ணிலிருந்து தொடங்குங்கள்

பெயரை நம்பி இறங்காதீர்கள். உங்கள் வகுப்பிலும் எஸ். சுப்பிரமணியன் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களை அப்போது பிரித்துக் காட்டியது ஊர்ப்பெயர் அல்லது பட்டப்பெயர். பட்டப்பெயரைப் பட்டியலில் எழுத முடியாது. சில பட்டப்பெயர்களை இந்த வயதில் வாயாலும் சொல்ல முடியாது. எனவே கல்லூரிப் பதிவு எண் அல்லது வருகைப் பதிவேட்டு வரிசை எண்ணையே ஒவ்வொருவருக்கும் அடையாளமாக வையுங்கள்.

இதை எங்கே தேடுவது? கல்லூரி அலுவலகத்தில் சேர்க்கைப் பதிவேடு இருக்கும். நகல் தர மாட்டார்கள். முதல்வருக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, உங்கள் பட்டச் சான்றிதழ் நகலையும் ஆதார் நகலையும் இணைத்துக் கேட்டால், அலுவலகத்திலேயே உட்கார்ந்து பார்த்து எழுதிக்கொள்ளச் சில கல்லூரிகள் அனுமதிக்கின்றன. மாணவர் சேர்க்கை நடக்கும் மே, ஜூன் மாதங்களில் மட்டும் போகாதீர்கள். அப்போது உங்களை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்தது இறுதியாண்டுக் குழுப் படம். அட்டையில் ஒட்டிய அந்தப் படத்துக்குக் கீழே “அமர்ந்திருப்பவர்கள்”, “நிற்பவர்கள் முதல் வரிசை, இடமிருந்து வலம்” என்று பெயர்கள் அச்சாகியிருக்கும். கரையான் பெரும்பாலும் தின்றிருப்பது அந்தப் பெயர்ப் பட்டையைத்தான். ஆகவே மூன்று நான்கு வீடுகளில் உள்ள பிரதிகளைக் கைபேசியில் படமெடுத்து ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். ஒன்றில் அழிந்த பெயர் இன்னொன்றில் கிடைக்கும்.

பெண்களைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அப்பாவின் இனிஷியலோடு படித்தவர்கள் திருமணத்துக்குப் பின் கணவரின் இனிஷியலுக்கு மாறியிருப்பார்கள், ஊரும் மாறியிருக்கும். எஸ். என்று தேடினால் கே. என்று மதுரையிலோ மும்பையிலோ இருப்பார். வகுப்புத் தோழிகளில் ஒருவரை உங்களோடு இணைப் பொறுப்பாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் கிடைத்தால் அவர் வழியாக நான்கு பேர் கிடைப்பார்கள். முன்பின் தெரியாத ஆண்குரல் ஐம்பது வருடம் கழித்து வீட்டுக்குப் போன் செய்து “அவர்கள் இருக்கிறார்களா?” என்று கேட்டால் எந்த மருமகளும் சட்டென்று பதில் சொல்ல மாட்டாள். அதில் தவறும் இல்லை.

2. ஆளுக்கு ஒரு தாள்

நோட்டுப் புத்தகம் வேண்டாம். துளையிட்ட தனித்தாள்களும் ஒரு ஃபைலும் போதும். தாளாக இருந்தால் எடுத்து மாற்றலாம். கணினியில் எக்செல் போட்டு வைத்தாலும் அச்செடுத்த பிரதி ஒன்று இருக்கட்டும்.

தாளில் இருக்க வேண்டியவை: பதிவு எண், கல்லூரிக் காலத்துப் பெயர், இப்போதைய பெயர், முகவரி, கைபேசி எண், மனைவி அல்லது கணவரின் பெயர், பிள்ளைகள் இருக்கும் ஊர், கடைசியாகப் பார்த்த வேலை. இவற்றை எல்லாரும் கேட்பார்கள். கேட்காமல் விட்டுவிடுவது வேறு மூன்று.

முதலாவது, மாற்றுத் தொடர்பு. அவர் போன் எடுக்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது? மகனின் எண்ணைவிட, கூடவே இருக்கும் மருமகள், மகள் அல்லது பக்கத்து வீட்டுக்காரரின் எண் பயன்படும். அமெரிக்காவில் இருக்கும் மகனைவிட எதிர்வீட்டு மளிகைக் கடைக்காரருக்கு நிலவரம் நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, ஓய்வூதியம் எங்கிருந்து வருகிறது என்பது. மாநில அரசு என்றால் எந்தக் கருவூலம், மத்திய அரசு அல்லது ரயில்வே என்றால் எந்த வங்கிக் கிளை, தனியார் நிறுவனம் என்றால் வருங்கால வைப்பு நிதியின் எந்த மண்டல அலுவலகம். அந்த ஒரு வரி பின்னால் ஒரு விதவையின் பல நாள் அலைச்சலைக் குறைக்கும்.

மூன்றாவது, பிறந்தநாள், அதுவும் இரண்டு. நம் தலைமுறையில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் சான்றிதழில் இருக்கும். பாதி வகுப்பு மே, ஜூனில் பிறந்ததாகக் காட்டுவது அதனால்தான். சான்றிதழ் தேதி அலுவலகக் காரியத்துக்கு. உண்மையான தேதியும் நட்சத்திரமும் விசேஷங்களுக்கு. எழுபதில் பீமரத சாந்தியும் எண்பதில் சதாபிஷேகமும் சான்றிதழைப் பார்த்து நடப்பதில்லை. சான்றிதழ் தேதியில் வாழ்த்து அனுப்பினால், “எனக்கு இன்றைக்கா பிறந்தநாள்?” என்று அவரே கேட்பார்.

எழுதக் கூடாதவையும் உண்டு. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், ஏ.டி.எம். விவரம் எதையும் வாங்கி வைக்காதீர்கள். நல்ல எண்ணத்தில் தருவார்கள், மறுத்துவிடுங்கள். ஃபைல் தொலைந்தால் பதில் சொல்லப்போவது நீங்கள். தாளின் அடியில், “என் செய்திகளை வகுப்புத் தோழர்களுக்குச் சொல்லலாம் / கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும் / சொல்லக் கூடாது” என்று மூன்று கட்டங்கள் போட்டு ஒன்றில் டிக் வாங்குங்கள். நேரில் பார்க்க முடியாதவரிடம் ஒரு குரல்பதிவாக வாங்கினாலும் போதும்.

3. எதை எதில் அனுப்புவது

இரண்டு வாட்ஸ்அப் குழுக்கள் வையுங்கள். ஒன்றில் யாரும் எதுவும் பேசலாம். மற்றதில் நிர்வாகிகள் மட்டுமே செய்தி போட முடியும்படி அமைப்பை மாற்றுங்கள். இறப்பு, சந்திப்புத் தேதி, முகவரி மாற்றம் போன்றவை இந்த இரண்டாவதில் மட்டும் வரட்டும். ஒரே குழுவில் எல்லாம் வந்தால், காலையில் போட்ட மரணச் செய்தி மதியத்துக்குள் நாற்பது பூங்கொத்துப் படங்களுக்கு அடியில் போய்விடும்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் வசதி இதற்குத் தோதாகத் தெரியும். ஆனால் அதில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. உங்கள் எண்ணைத் தங்கள் கைபேசியில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். எழுபது வயதுக்காரர்களில் எத்தனை பேர் எண்ணைப் பதிந்து வைப்பார்கள்? “எனக்கு யாரும் சொல்லவில்லை” என்ற வருத்தங்கள் பல இங்கிருந்து கிளம்புபவைதான்.

வாட்ஸ்அப் இல்லாதவர்களுக்கும் பார்வை மங்கியவர்களுக்கும் போன்தான் வழி. ஆளுக்கு ஐந்து பேர் என்று பிரித்துப் பக்கத்து ஊர்க்காரர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலை ஒட்டி, ஒரே தாளில் இருபுறமும் அச்சிட்ட செய்திமடல் தபாலில் போகட்டும். 20 கிராமுக்குள் இருந்தால் 5 ரூபாய் தபால்தலை. நகல் எடுக்கப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வைத்தால் தலைக்குப் பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். எழுத்து 14 புள்ளிக்குக் குறைய வேண்டாம். முக்கிய ஆவணம் அனுப்புவதானால் ஸ்பீடு போஸ்ட். பழைய பதிவுத் தபாலை 2025-இல் அதோடு சேர்த்துவிட்டார்கள். கவுண்டரில் போய் அதைக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நம் நேரப்படி இரவு ஏழு மணி தோதானது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் அப்போது காலை எட்டரை அல்லது ஒன்பதரை.

ஓர் எச்சரிக்கை. தோழர் ஒருவரின் எண்ணிலிருந்து “அவசரம், பணம் அனுப்பு” என்று செய்தி வந்தால், அவர் குரலைக் கேட்காமல் யாரும் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது என்று குழுவின் முகப்பு விளக்கத்திலேயே எழுதிப்போடுங்கள். கணக்கைத் திருடி இப்படிக் கேட்பது இப்போது அன்றாடத் தொழில். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. “வாழ்நாள் சான்றுக்கு (ஓய்வூதியர் உயிரோடிருக்கிறார் என்பதற்கு ஆண்டுதோறும் தரும் சான்று) இங்கே அழுத்தவும்” என்று வரும் இணைப்புகளும் இந்த ரகம்தான்.

4. செய்தி கேட்பதும் எழுதுவதும்

“என்ன விசேஷம்?” என்று கேட்டால் “ஒன்றுமில்லை” என்றுதான் பதில் வரும். “கண் ஆபரேஷன் ஆயிற்றா? பேத்தி எந்த வகுப்பு? இப்போது சொந்த வீட்டிலா, மகன் வீட்டிலா?” என்று குறிப்பாகக் கேளுங்கள். காலை பத்து முதல் பதினொன்றரை நல்ல நேரம். காபி, குளியல், பேப்பர் எல்லாம் முடிந்திருக்கும். மதியத் தூக்கத்தில் கூப்பிட்டு வாங்கிய செய்தி பாதிதான் சரியாக இருக்கும்.

திருமணம், பேரக்குழந்தை, வீடு மாறுதல், பொன்விழா, விருது இவற்றை எழுதலாம். நோயைப் பற்றி, அவரோ வீட்டாரோ சம்மதித்தால் மட்டும், அதுவும் நோயின் பெயரைச் சொல்லாமல், “மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பியிருக்கிறார், மாலை ஐந்து மணிக்கு மேல் பேசலாம்” என்ற அளவில். மறதி நோய் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பிள்ளைகளின் விவாகரத்து, சொத்துத் தகராறு, யார் யாரை முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள் என்பதெல்லாம் மடலில் வரவே கூடாது. இல்லத்துக்கு மாறியவர் தாமே சொன்னால் புதிய முகவரி என்று மட்டும் போடுங்கள். முதியோர் இல்லம் என்றதும் பரிதாபப்பட்டு எழுதுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். சமையலறையை விட்டு விடுதலை கிடைத்தது என்று அங்கே மகிழ்ச்சியாக இருக்கும் தோழிகள் எங்கள் செட்டில் இருக்கிறார்கள்.

பேரனின் நீட் மதிப்பெண்ணைப் போடச் சொல்லி ஒரு தாத்தா தொடங்கினால் அடுத்த மாதம் இருபது தாத்தாக்கள் வருவார்கள். எங்கள் மடலில் மதிப்பெண் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டோம்.

5. இறப்புச் செய்தி

நிதானம் மிகவும் தேவைப்படும் இடம் இது. உயிரோடு இருப்பவருக்கு அஞ்சலி செலுத்திய குழுக்கள் உண்டு. பெரும்பாலும் காரணம் பெயர்க் குழப்பம்: போனவர் வேறொரு சுப்பிரமணியன், அல்லது தோழரின் அண்ணன். எனவே விதி இதுதான்: வீட்டார் ஒருவர், அல்லது நேரில் போய்ப் பார்த்த வகுப்புத் தோழர் ஒருவர் வாயால் கேட்காமல் போடக் கூடாது. பேப்பரில் வந்த கண்ணீர் அஞ்சலி விளம்பரம் என்றால் படம், ஊர், பிள்ளைகள் பெயர் மூன்றையும் தாளோடு ஒப்பிடுங்கள். குழுவில் வேறு யாராவது முந்திக்கொண்டு போட்டிருந்தால், “உறுதிசெய்துகொண்டிருக்கிறேன், அதுவரை இரங்கல் வேண்டாம்” என்று ஒரு வரி போதும்.

பழைய எண்ணுக்குப் பேசி, “அப்படி யாரும் இல்லை” என்று பதில் வந்தால் அதிலிருந்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனங்கள் துண்டித்துப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடும். பேசியவர் அந்த எண்ணின் புதிய சொந்தக்காரராக இருக்கலாம்.

வீட்டுக்குப் போன் செய்யும்போது, “மதினி, நான் அவனோடு காலேஜில் படித்தவன் பேசுகிறேன்” என்று தொடங்கி, எப்போது எடுக்கிறார்கள், எந்த இடம், வெளியூரிலிருந்து பிள்ளைகள் வர வேண்டியிருக்கிறதா என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். எப்படி நடந்தது, எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு செலவு என்ற கேள்விகளுக்கு அது நேரமல்ல. அந்த அம்மாவைப் பேச வைப்பதைவிட மைத்துனரையோ மருமகனையோ பிடிப்பது நல்லது.

குழுவில் போடும் வாசகம் இவ்வளவு போதும்:

“நம் வகுப்பு (வேதியியல், 1971–74), பதிவு எண் இது, இந்த ஊர் இன்னார், நேற்று இரவு காலமானார். இன்று மாலை நான்கு மணிக்கு இந்த முகவரியில் இருந்து எடுக்கிறார்கள். குடும்பத்தாரின் சார்பில் பேச வேண்டிய எண் இது. தகவலை உறுதிசெய்தவர் இன்னார்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால் உங்களுக்கு வரும் போன்கள் பாதியாகக் குறையும்.

கண் தானம் செய்யப் பதிந்தவர் என்று தாளில் இருந்தால் அதை முதல் போனிலேயே வீட்டாருக்கு நினைவூட்டுங்கள். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். தமிழ்நாட்டில் 104-க்கு அழைக்கலாம். உடல் தானம் என்றால் எந்த மருத்துவக் கல்லூரியில் பதிந்தார் என்பதும் தாளில் இருக்க வேண்டும். வீட்டார் விரும்பாவிட்டால் வற்புறுத்துவது நம் வேலையல்ல.

இறந்தவரின் எண்ணைக் குழுவில் இருந்து உடனே நீக்காதீர்கள். அந்தக் கைபேசியில்தான் மனைவி இரங்கல் செய்திகளை எல்லாம் படித்துக்கொண்டிருப்பார். காரியம் முடிந்த பிறகு, தொடர விரும்புகிறாரா என்று கேளுங்கள். விருப்பமுள்ள துணைவர்களைத் தங்கள் பெயரிலேயே சேர்த்துக்கொள்கிறோம்.

6. அதன் பிறகு அந்த வீட்டுக்கு வேண்டிய காகிதங்கள்

பதினாறாம் நாள் வரை சுற்றிலும் ஆள் இருக்கும். பிறகு பிள்ளைகள் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். செட்டில் இருந்து ஒருவர் துணைக்குப் போக வேண்டியது அப்போதுதான். அந்தந்தத் துறையில் ஓய்வுபெற்ற தோழர் ஒருவர் எப்படியும் இருப்பார்: வங்கிக்கு வங்கிக்காரர், கருவூலத்துக்கு ஆசிரியர். அவரைப் பிடித்து அனுப்புங்கள்.

இறப்புச் சான்றிதழ். 21 நாட்களுக்குள் பதிய வேண்டும்; அதற்குள் பதிந்தால் கட்டணமில்லை. தாமதமானால் தாமதக் கட்டணமும் அனுமதியும் சேரும். ஓராண்டைத் தாண்டினால் அதிகாரம் பெற்ற மாஜிஸ்திரேட்டின் உத்தரவே வேண்டும். மருத்துவமனையில் இறந்திருந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள். வீட்டில் என்றால் கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடமும், பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்றால் அங்கேயும் வீட்டார் தெரிவிக்க வேண்டும். சிகிச்சை பார்த்த டாக்டரிடம் இறப்புக்கான காரணச் சான்றை அன்றே வாங்கிவிடுங்கள். மயான ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. இறப்பைப் பதிவது இறந்த ஊரில். சொந்த ஊரில் அல்ல. சென்னையில் மகன் வீட்டில் இறந்து, உடலை ஊருக்குக் கொண்டுவந்து தகனம் செய்தாலும் பதிவு சென்னையில்தான். ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் நின்றால் நாள்தான் போகும்.

இன்னொன்று பெயர். ஓய்வூதியப் புத்தகத்தில் “எஸ். சண்முகம்”, ஆதாரில் “சண்முகம் சுடலைமுத்து”, வங்கியில் “சண்முகம் எஸ்.” என்று மூன்று விதமாக இருக்கும். சான்றிதழில் எது இருக்க வேண்டும் என்று தகவல் கொடுக்கும்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஓய்வூதிய ஆணையில் உள்ளபடி இருப்பது பின்னால் வசதி. அடித்த பிறகு திருத்தலாம். ஆனால் அதற்குத் தனி விண்ணப்பம், தனி அலைச்சல். பதிவு முடிந்த பின் அரசின் பிறப்பு இறப்புப் பதிவு இணையதளத்தில் கட்டணமின்றித் தரவிறக்கலாம். பத்துப் பிரதி அச்செடுத்து வையுங்கள், எல்லாம் தீர்ந்துவிடும்.

வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பம், கட்டணம் 60 ரூபாய், வழங்குபவர் வட்டாட்சியர். இறப்புச் சான்று, குடும்ப அட்டை, எல்லா வாரிசுகளின் ஆதார், உறுதிமொழி ஆகியவை வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை தருவார்கள். மையத்தில் கொடுக்கும் ஒப்புகைச் சீட்டின் எண்ணைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். நிலவரம் அறிய அதுதான் பிடி. திருமணமாகிப் போன மகளின் பெயரை விட்டுவிட்டு விண்ணப்பிக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. அப்படிச் செய்தால் சான்று நிராகரிக்கப்படும், அல்லது வழக்கில் முடியும். அண்ணன் சொன்னாலும் சரி, சித்தப்பா சொன்னாலும் சரி, எல்லாப் பிள்ளைகளின் பெயரும் வர வேண்டும் என்று துணைக்குப் போனவர் சொல்லிவிட வேண்டும்.

எல்லா இடத்திலும் வாரிசுச் சான்று கேட்பார்கள் என்று பயந்து அதற்காகக் காத்திருக்காதீர்கள். ஓய்வூதிய ஆணையில் மனைவி பெயர் இருந்தால் குடும்ப ஓய்வூதியத்துக்குப் பொதுவாக இறப்புச் சான்றும் அந்த ஆணையும் அவருடைய அடையாள ஆவணங்களுமே போதும். வங்கியில் நியமனதாரர் (நாமினி) இருந்தாலும் அப்படியே. ஒரு வங்கிக் கிளையில், நியமனதாரராகப் பெயர் பதிந்திருந்த தோழியிடமே வாரிசுச் சான்று கொண்டுவரச் சொன்னார்கள். எழுத்தில் கேளுங்கள் என்றதும் கோரிக்கை மறைந்துவிட்டது.

குடும்ப ஓய்வூதியம். தமிழக அரசு ஓய்வூதியர் என்றால் கருவூலத்துக்கு, மத்திய அரசு என்றால் ஓய்வூதியம் வரும் வங்கிக்கு, ஈ.பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) ஓய்வூதியர் என்றால் வைப்பு நிதி அலுவலகத்துக்கு 10-டி படிவம். அரசுக் குடும்ப ஓய்வூதியம் பொதுவாகக் கடைசி அடிப்படை ஊதியத்தில் 30 சதவீதம், ஈ.பி.எஃப். என்றால் அவர் வாங்கியதில் பாதி, குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். தமிழக அரசு ஓய்வூதியர்களுக்குக் குடும்பப் பாதுகாப்பு நிதி என்று 50,000 ரூபாய் உண்டு. மாதாமாதம் சந்தா பிடித்தார்கள் என்பதே பல மனைவிகளுக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். துணைவரின் பிறந்த தேதி ஓய்வூதிய ஆணையில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். எண்பது வயதில் 20 சதவீதம் கூடுதல் ஓய்வூதியம் தொடங்கும்போது அந்தத் தேதி இல்லாமல் நிறுத்தி வைத்துவிடுவார்கள்.

இறப்பைக் கருவூலத்துக்கோ வங்கிக்கோ உடனே எழுத்தில் தெரிவிக்கச் சொல்லுங்கள். அடுத்த மாதம் ஓய்வூதியம் தவறி வந்துவிட்டால் அவருடைய ஏ.டி.எம். அட்டையைப் போட்டு எடுக்கக் கூடாது. பாவம், செலவுக்கு என்று எடுத்துவிடுகிறார்கள். பிறகு அரசு அதைத் திரும்பப் பிடிக்கும்போது கூட்டிக் கழித்துப் பார்க்க ஆளிருக்காது.

அவருடைய சிம் கார்டைக் குறைந்தது ஆறு மாதம் ரீசார்ஜ் செய்து வைத்திருக்கச் சொல்லுங்கள். வங்கி, காப்பீடு, எரிவாயு, வருமான வரி எல்லாவற்றின் ஓ.டி.பி.யும் அதில்தான் வரும். பாசத்தால் வைத்திருப்பவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். சிக்கனம் பார்த்து முதல் மாதமே நிறுத்தியவர்கள் அலைகிறார்கள்.

வங்கிக் கணக்கு விவரமே தெரியாத வீடு என்றால் ரிசர்வ் வங்கியின் உத்கம் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். பத்தாண்டுகளாகக் கோரப்படாத வைப்புகள் அங்கே தெரியும். பணம் கேட்பது மட்டும் அந்தந்த வங்கியில்தான்.

உயிரோடிருப்பவர்களுக்கும் ஒரு நினைவூட்டல் தேவை. வாழ்நாள் சான்று மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பரில். எண்பது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். ஈ.பி.எஃப். ஓய்வூதியர்களுக்குக் கடைசியாகக் கொடுத்த நாளில் இருந்து பன்னிரண்டு மாதம் செல்லும். நடக்க முடியாதவருக்குத் தபால்காரர் வீட்டுக்கே வந்து விரல்ரேகை வாங்கிச் செய்து தருவார். கட்டணம் 70 ரூபாய், ஈ.பி.எஃப். ஓய்வூதியர்களுக்கு இலவசம். ரேகை தேய்ந்து பதியாத கைகளுக்கு முகம் காட்டும் வழியும் உண்டு. தாளில் இந்த மாதத்தைக் குறித்து வைத்து ஒரு போன் போடுங்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வசிப்பவர்களுக்கு 14567 என்ற முதியோர் உதவி எண்ணையும் தந்து வையுங்கள்.

7. பணம்

மாலை, மடல், போக்குவரத்து, எப்போதாவது மருத்துவ உதவி என்று செலவு வரத்தான் செய்யும். உங்கள் சொந்தக் கணக்கில் வசூலிக்காதீர்கள். நட்பு கெட இதைவிடக் குறுக்குவழி இல்லை. சிறிய செட் என்றால் இரண்டு பேர் சேர்ந்து எடுக்கும்படி ஒரு கூட்டுக் கணக்கைத் தனியாகத் தொடங்கினால் போதும். “இருவரும் சேர்ந்து” என்ற முறையைக் கேளுங்கள். தொகை பெரிதானால் சங்கப் பதிவைப் பற்றி யோசிக்கலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும். பதிந்தபின் ஆண்டுதோறும் பொதுக்குழு, கணக்கு என்று அலுவலகத்துக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எழுபத்திரண்டு வயதில் அது தேவைதானா என்று யோசித்துக்கொள்ளுங்கள். நாங்கள் பதியவில்லை.

உதவி பெற்ற குடும்பத்தின் பெயரைக் கணக்கில் போடாதீர்கள். “மருத்துவ உதவி, ஒரு குடும்பம்” என்று போதும். கொடுத்தவர் பெயரும் தொகையும் வேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் கொடுத்தவர்கள் பலர் இதை ஏற்பதில்லை.

8. சந்திப்பு

இரவுத் தங்கல் வேண்டாம். காலை பத்துக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடியுங்கள். தரைத்தளத்தில் கூடம், மேலைநாட்டுக் கழிப்பறை, கைப்பிடி உள்ள நாற்காலி மூன்றும் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். லிஃப்ட் இருக்கிறது என்று சொல்வார்கள், அன்றைக்கு ஓடாது. சமையல்காரரிடம் சர்க்கரை இல்லாத பாயசம் பற்றிப் பேசாதீர்கள், யாரும் குடிப்பதில்லை. ஒரு மணிக்குள் இலை போடச் சொல்லுங்கள், மாத்திரை நேரம். தை, மாசியில் வெயில் தாழ்வாக இருக்கும். ஆனால் முகூர்த்த நாளில் மண்டபம் கிடைக்காது.

9. ஒப்படைத்தல்

இந்தப் பொறுப்பை மூன்று ஆண்டுக்கு மேல் ஒருவர் வைத்திருக்கக் கூடாது. உடம்பு நன்றாக இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். ஃபைலின் பிரதி ஒன்று இணைப் பொறுப்பாளர் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். இரண்டு குழுக்களிலும் குறைந்தது மூன்று நிர்வாகிகள் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் வகுப்புத் தோழரின் மகனோ மகளோ என்றால் இன்னும் நல்லது. வங்கிக் கணக்கில் கையெழுத்து மாற்றத்துக்குப் பழையவர், புதியவர் எல்லாரும் ஆதார், பான், படத்தோடு ஒரே நாளில் கிளைக்கு வர வேண்டியிருக்கும். ஒருவர் பேத்தி பிரசவத்துக்கு அமெரிக்கா போய்விட்டால் ஆறு மாதம் தள்ளிப்போகும். ஆகவே விசா நேர்காணல் தேதியைக் கேட்டுக்கொண்டு கிளை மேலாளரிடம் நாள் குறியுங்கள்.